இயல்பு நட்டம்

பாடப் புத்தகப் பொட்டலம்
கடை முகவரிக்குத்தான் வரும்.
பகலில் வீட்டிலிருப்பவர் மரியதாஸ் ஒருவர்தான்,
துறைமுகத்தில் இரவெல்லாம் கன்டெய்னர் எண்ணிவிட்டுத்
தூங்குகிறவர். இடி விழுந்தாலே எழமாட்டார்,
தபால்காரர் எம்மாத்திரம்.

பெரியமேட்டில் தோல் கடை.
கல்லாவுக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நான்.
கலீல் பாய் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
‘இந்த வருசமாவது முடிச்சிடும்மா’ என்பார்.
வாழ்த்தா சலிப்பா என்று
மூன்று வருடமாகப் பிடிபடவில்லை.

வில்லிவாக்கத்தில் ஏறினால்
பெரம்பூர் வரை நின்றபடி தியரி.
வியாசர்பாடி ஜீவாவில் இடம் கிடைத்தால் கணக்கு.
பேசின் பிரிட்ஜுக்கு முன்னால்
சிக்னலுக்கு வண்டி நின்றே தீரும்.
எந்த அட்டவணையும் ஒத்துக்கொள்ளாத
அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் என் வகுப்பு.

புத்தகம் சொல்கிறது:
எந்த வேலையிலும் கொஞ்சம் வீணாகும்.
ஆவியாகும், சிந்தும், ஓரம் வெட்டுப்படும்.
எதிர்பார்த்த அளவுக்குள் என்றால் அது இயல்பு நட்டம்.
அதன் விலையைத் தனியே எழுதாதே,
மிஞ்சிய நல்ல சரக்கு சுமந்துகொள்ளும்.
மீறினால் மட்டும் அதற்கென்று ஒரு கணக்கு திற.

இதற்குப் புத்தகமே வேண்டாம்.
யூனுஸ் செருப்புக்கு மேல்தோல் வெட்டும்போது
வயிற்றுப் பக்கத்துத் தொளதொளப்பு கீழே விழும்.
மாலையில் கூட்டி எடை போடுகிறவள் நான்தான்.
கிலோ பதினெட்டு ரூபாய்,
சாவிக்கொத்து செய்கிறவர்களுக்கு.

ஆனாலும் பதினான்காம் கணக்கு வரவில்லை.
திங்கள் இரவு வரவில்லை.
செவ்வாய், குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் ஐந்தாம் விசிலுக்கும் நடுவே
வரும்போல் இருந்தது, வரவில்லை.
புதன், தாள் தீர்ந்துபோய்
இன்பாவின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் போட்டேன்.
காலையில் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
‘உனக்கும் தப்பாம்மா?’

புத்தகத்தின் விடை நாலாயிரத்து அறுநூறு.
எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆறாயிரத்து நானூறு.
முதலில் கால்குலேட்டரைச் சந்தேகித்தேன்,
பிறகு கண்ணாடியை,
பிறகு முப்பத்தாறு வயதை.
கேட்க ஆளில்லை.
சந்தேகம் தீர்க்க ஒரு போன் நம்பர் உண்டு,
ஞாயிறு எட்டிலிருந்து ஒன்பது வரை.
அப்போது நான் பூசையில் இருப்பேன்.

வியாழன் அடுத்த பொட்டலம்.
பிரித்ததும் மடியில் விழுந்தது
பஸ் டிக்கெட்டைவிடச் சற்றே பெரிய காகிதம்.
‘பக்கம் 212, கணக்கு 14:
4,600 என்பதை 6,400 எனத் திருத்தி வாசிக்கவும்.’
வருந்துகிறோம் என்றுகூட இல்லை.

சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல.
யூனுஸ் கத்தியை நிறுத்திப் பார்த்தான்.

மூன்று இரவு. எங்கே எழுத?
இரண்டு முறை தோற்றதை,
கட்டிய தேர்வுக் கட்டணத்தை,
அவர் கிளம்ப நான் நுழைய
சாவி கைமாறும்போது மட்டும்
தொட்டுக்கொள்ளும் விரல்களை,
எல்லாம் இயல்புதான் என்று
எழுதாமலே விட்டு வந்தவள்
இந்த மூன்றுக்கு மட்டும்
ஒரு பக்கம் திறக்க ஆசைப்பட்டேன்.
தப்பு என்று நினைத்துக்கொண்டே
மூன்று முறையும் சரியாகப் போட்டிருக்கிறேன்.

அன்றிரவு இன்பாவின் நோட்டில்
என் விடைமேல் நானே
சிவப்பு மையால் ஒரு டிக் அடித்தேன்.

மறுநாள் நோட்டு பள்ளிக்குப் போய்த் திரும்பியது.
நோட்டு திருத்தும் வேகத்தில்
கணக்கு டீச்சர் அதையும் புரட்டியிருக்கிறார்.
என் டிக்குக்குக் கீழே
தேதி போட்டு, சுருக்கக் கையெழுத்து.
பக்கத்தில்: ‘மார்ஜின் விட்டு எழுதவும்.’